பயிர் குடித்த தண்ணீரை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பகுதியின் கிணற்றுப் பாசன உழவர்களோடு உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இதே ஐயங்கள் எழுவதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி விடைகளோடு தொகுத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே தோட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன்: ஒரு ஏக்கர் நிலம், நொடிக்கு 5 லிட்டர் இறைக்கும் மோட்டார். உங்கள் தோட்டத்தின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொண்டால் கணக்கு உங்களுடையதாகிவிடும்.

வாரம் ஒரு தண்ணீர் கட்டுகிறோம், பயிர் நன்றாகத்தான் இருக்கிறது. இதில் அளக்க என்ன இருக்கிறது?

வாரம் ஒரு தண்ணீர் என்பது நாள் கணக்கு. பயிரின் தேவையோ நாளுக்கு நாள் மாறுவது. கார்த்திகையின் மூடிய வானத்தில் ஒரு வாரத்தில் குடிப்பதைப் போல இரு மடங்கைச் சித்திரை வெயிலில் அதே பயிர் குடித்துவிடும். முளைத்து இரண்டு வாரமான நிலக்கடலையும், கொடி படர்ந்து மண் தெரியாமல் மூடிய நிலக்கடலையும் ஒரே அளவு குடிப்பதில்லை. ஆனால் நாம் மும்முனை மின்சாரம் எப்போது வருகிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் எப்போது கட்டுகிறார் என்பதை வைத்தே முடிவு செய்கிறோம்.

குறைவாகக் கட்டினால் பயிர் வாடிக் காட்டிக்கொடுத்துவிடும். அதிகமாகக் கட்டும்போதுதான் இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீரோடு சேர்ந்து நீங்கள் போட்ட யூரியாவின் தழைச்சத்து வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது, வேருக்குக் காற்றோட்டம் குறைகிறது, கிணறும் இறங்குகிறது. மஞ்சளித்த பயிருக்கு மேலும் யூரியா போட்டு மேலும் தண்ணீர் கட்டுவதை நான் பல தோட்டங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பயிரின் நீர்ச்செலவு என்று எதைச் சொல்கிறீர்கள்? வேர் உறிஞ்சிய தண்ணீர் பயிருக்குள்ளேதானே இருக்கும்?

பயிருக்குள் தங்குவது மிகச் சிறு பங்குதான். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறுகிறது. அப்படி வெளியேறும்போதுதான் இலை குளிர்கிறது, சத்து மேலே ஏறுகிறது, இலைத்துளை திறந்திருப்பதால் உணவு தயாரிக்கத் தேவையான காற்றும் உள்ளே வருகிறது. இதோடு, நனைந்த மண்ணின் மேற்பரப்பிலிருந்து நேராகவே ஆவியாகும் நீரும் உண்டு. இவ்விரண்டையும் கூட்டியதே பயிரின் நீர்ச்செலவு. வாய்க்காலில் கசிவதும், கடைமடையில் வழிந்தோடுவதும், வேருக்குக் கீழே இறங்குவதும் இதில் சேராதவை.

நீங்கள் மி.மீ. என்கிறீர்கள், எங்களுக்கு மோட்டார் ஓடும் மணிக்கணக்குதான் தெரியும். ஒன்றை மற்றொன்றாக எப்படி மாற்றுவது?

மழையை மி.மீ. அளவில் சொல்வது போலவே பாசனத்தையும் வயல் முழுவதும் பரவி நிற்கும் நீரின் உயரமாகக் கருதினால் கணக்கு எளிதாகும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால், அதில் 1 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் நீர் 4,047 லிட்டர். ஒரு சென்ட்டுக்கு இது சுமார் 40 லிட்டர்.

அடுத்து உங்கள் மோட்டாரின் அளவு தெரிய வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயின் வாயில் வைத்து நிரம்பும் நேரத்தைக் கைப்பேசியில் பாருங்கள். 40 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். ஆக, நம் எடுத்துக்காட்டுத் தோட்டத்தில் ஒரு மணி நேரப் பாசனம் என்பது ஏக்கருக்குச் சுமார் 4.4 மி.மீ. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் தரும் அளவும் குறையும் என்பதால் கோடையில் மறுபடியும் அளக்க வேண்டும். தை மாதம் அளந்ததை வைத்துச் சித்திரையில் கணக்குப் போடுவதே நான் அதிகம் காணும் பிழை.

வாய்க்காலில் ஓடும் நீரை அளக்க, 90 பாகைக் கோணத்தில் வெட்டிய தகட்டைக் குறுக்கே நிறுத்தலாம். வெட்டின் அடிமுனையிலிருந்து நீரின் உயரம் 10 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 4.4 லிட்டர், 15 செ.மீ. என்றால் சுமார் 12 லிட்டர். நீர் உயரத்தைத் தகட்டிலேயே அளக்காமல், சற்று மேற்புறத்தில் நீர் அமைதியாக நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

இன்றைக்கு எவ்வளவு ஆவியானது என்பதை எங்கள் ஊரிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. வானிலை நிலையங்களில் உள்ள ஆவியாதல் தட்டு 120.7 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் கொண்ட வட்டத் தொட்டி. மரச்சட்டத்தின் மேல் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அதில் எத்தனை மி.மீ. நீர் குறைந்தது என்று பார்ப்பார்கள். வெயில், காற்று, வெப்பம், காற்றின் ஈரம் ஆகிய நான்கின் விளைவையும் அந்த ஒரே எண் சொல்லிவிடும். தகடு வளைக்கத் தெரிந்த பட்டறையில் இதைச் செய்து வாங்கலாம். நாயும் காக்கையும் குடிக்காதபடி கம்பி வலை போட வேண்டும். வலையால் ஆவியாதல் சிறிது குறையும். வீட்டு மொட்டை மாடியில் சிறு வாளியை வைத்து அளந்தால், சுற்றியுள்ள சூட்டினால் எண் மிகையாகவே வரும்.

காற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனி, ஆடி மாதங்களில் வானம் மூடியிருந்தாலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று பல்லடம், உடுமலைப் பகுதித் தோட்டங்களின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். வெயில் இல்லையே என்று பாசனத்தைத் தள்ளிப்போட்ட தக்காளியில் பூ கொட்டுவதற்குப் பல நேரம் இதுவே காரணம்.

தட்டில் 7 மி.மீ. குறைந்தால் என் பயிரும் 7 மி.மீ. குடித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. உலோகத் தொட்டி பயிரை விடச் சூடாவதால் தட்டின் எண்ணை முதலில் சுமார் 0.7 ஆல் பெருக்க வேண்டும். வறண்ட தரிசின் நடுவே வைத்த தட்டுக்கு இது இன்னும் குறையும். 7 மி.மீ. இப்படி 4.9 மி.மீ. ஆகிறது. பின்பு பயிருக்கும் வயதுக்கும் உரிய பெருக்கெண்ணால், அதாவது பயிர்க் குணகத்தால், பெருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 1998-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, நிலக்கடலைக்குத் தொடக்கத்தில் 0.4, செழித்து நிற்கும் நடுப்பருவத்தில் 1.15, முதிர்ச்சியில் 0.6, கரும்புக்கு 0.4, 1.25, 0.75, தக்காளிக்கு 0.6, 1.15, கடைசியில் 0.7 முதல் 0.9 வரை.

நடுப்பருவத்தில் இந்தப் பயிர்கள் எல்லாவற்றின் எண்ணும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதைக் கவனியுங்கள். மண்ணை முழுதாக மூடிவிட்ட பயிர் எதுவானாலும் ஒரு நாளைக்குக் குடிக்கும் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. கரும்பு மிகுதியாகக் குடிப்பதற்குக் காரணம், அது ஆண்டு முழுவதும் வயலில் நின்று குடிக்கிறது என்பதே.

எங்களுடையது செம்மண், மச்சானுடையது கரிசல். இருவருக்கும் ஒரே இடைவெளியா?

பயிர் குடிக்கும் வேகம் ஒன்றுதான். மண் சேர்த்து வைக்கும் அளவுதான் வேறு. நன்கு நனைத்து வடிந்தபின் மண்ணில் நிற்கும் ஈரத்துக்கும், பயிர் மீளாமல் வாடிவிடும் நிலையின் ஈரத்துக்கும் இடைப்பட்டதே பயிருக்குக் கிடைக்கும் நீர். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மணற்பாங்கான மண்ணில் இது 100 மி.மீ.க்கும் குறைவாகவும், களிப்பாங்கான கரிசலில் 200 மி.மீ. வரையிலும் இருக்கக்கூடும். வேர் எட்டும் ஆழம் வரையே கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த இருப்பையும் கடைசிச் சொட்டு வரை பயிரால் இலகுவாக எடுக்க முடியாது. நிலக்கடலை பாதி இருப்பு தீரும் வரை தாங்கும். வெங்காயமும் வாழையும் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்த உடனேயே விளைச்சலில் குறையத் தொடங்கும். பருத்தியும் கரும்பும் மூன்றில் இரு பங்கு வரை பொறுக்கும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு பயிருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

செம்மண்ணில் நடுப்பருவ நிலக்கடலை. மண் மீட்டருக்கு 120 மி.மீ. வைத்திருக்கிறது, வேர் 60 செ.மீ. என்று கொண்டால் இருப்பு 72 மி.மீ.; அதில் பாதி, 36 மி.மீ., கவலையின்றிச் செலவழிக்கலாம். தட்டில் நாளுக்கு 7 மி.மீ. குறைகிறது என்றால் பயிரின் செலவு 4.9 பெருக்கல் 1.15, அதாவது 5.6 மி.மீ. ஆக ஆறு நாளில் சுமார் 34 மி.மீ. தீரும்; அப்போது அந்த 34 மி.மீ.ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாத்திப் பாசனத்தில் விடும் நீரில் அறுபது விழுக்காடுதான் வேர்ப்பகுதியில் நிற்கும் எனக் கொண்டால் 57 மி.மீ. இறைக்க வேண்டும். மணிக்கு 4.4 மி.மீ. என்ற கணக்கில் இது ஏறத்தாழ 13 மணி நேரம்.

தினமும் இவ்வளவு கணக்குப் போட யாருக்கு நேரம் இருக்கிறது? சுருக்கு வழி சொல்லுங்கள்.

மேலே உள்ள கணக்கில் 0.7-ஐயும் 1.15-ஐயும் பெருக்கினால் 0.8. செலவழிக்கத் தக்க 36 மி.மீ.ஐ இந்த 0.8 ஆல் வகுத்தால் 45. இனி செய்ய வேண்டியது ஒன்றே: தண்ணீர் கட்டிய மறுநாளிலிருந்து தட்டில் குறைந்ததைக் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தம் 45 மி.மீ. ஆனதும் அடுத்த தண்ணீர் கட்டுவது. நாளுக்கு 9 மி.மீ. குறையும் சித்திரையில் அது ஐந்து நாளில் வரும், 4 மி.மீ. குறையும் கார்த்திகையில் பதினோரு நாள் ஆகும். விதி ஒன்றுதான், இடைவெளியைப் பருவமே மாற்றிக்கொள்ளும். வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் பாசன நீருக்கும் தட்டின் கூட்டுத்தொகைக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பரிந்துரை செய்வதும் இதே அடிப்படையில்தான். பயிர் சிறிதாக இருக்கும்போது வேரும் குணகமும் மாறுவதால் பயிரின் வளர்ச்சிப் பருவத்துக்கு ஓர் எண்ணாக மூன்று எண்களைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

என் அப்பா மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்தே தண்ணீர் கட்டினார். அது தப்பா?

தப்பே இல்லை. தட்டுக் கணக்கு செலவைச் சொல்கிறது, கையில் பிடித்த மண் இருப்பைச் சொல்கிறது. கணக்கு பிசகும்போது திருத்துவது மண்தான். ஆனால் மேல் மண்ணைக் கிளறிப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. வேர் ஆழத்தின் நடுப்பகுதியிலிருந்து மண் எடுத்து உருட்டுங்கள். உருண்டை கையில் ஈரம் ஒட்டாமல் நின்று, தட்டினால் உடைந்தால், செம்மண்ணில் தண்ணீர் கட்டும் நாள் நெருங்கிவிட்டது. உருட்டவே வராமல் உதிர்ந்தால் நாள் கடந்துவிட்டது.

இதையே கருவியால் செய்ய விரும்பினால், கோவையிலுள்ள கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி நான்கு நிற விளக்குகளால் ஈரத்தின் நிலையைக் காட்டும்: நீலம் மிகுதி, பச்சை போதுமானது, ஆரஞ்சு குறைவு, சிவப்பு மிகக் குறைவு. டென்சியோமீட்டர் என்ற கருவி வேர் எவ்வளவு பலத்தோடு உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்பதை அளக்கும். காய்கறிக்கும் சொட்டுநீர்த் தோட்டத்துக்கும் அது ஏற்றது, நன்றாகக் காயும் கரிசலுக்கு ஏற்றதல்ல, ஏனெனில் அந்த உறிஞ்சும் பலம் 80 கிலோபாஸ்கல் என்ற அளவைத் தாண்டினால் உள்ளே காற்று புகுந்துவிடும். எந்தக் கருவியையும் சரிபார்க்கும் அடிப்படை முறை ஒன்றே: மண்ணை எடை போட்டு, 105 பாகை வெப்பத்தில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை போடுவது.

கருவி தலைமடையில் பச்சை காட்டுகிறது, கடைமடையில் சிவப்பு. எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். தலைமடையில் நீர் நீண்ட நேரம் நின்று ஆழமாக இறங்குகிறது, கடைமடைக்கு அரைகுறையாகச் சேர்கிறது என்பதையே கருவி சொல்கிறது. பாத்தியின் நீளத்தைக் குறைப்பதும் நிலத்தைச் சமன் செய்வதுமே இதற்குத் தீர்வு. கடைமடை நனையும் வரை மேலும் விட்டுக்கொண்டிருந்தால் முதல் விடையில் சொன்ன இழப்புதான் தலைமடையில் நடக்கும். நிலம் சமனான பிறகு ஓரிடத்தில் இரண்டு ஆழங்களில் பாருங்கள். மேலே காய்ந்து கீழே எப்போதும் ஈரமாகவே இருந்தால் அதிகம் விடுகிறீர்கள் என்று பொருள்.

சொட்டுநீர் போட்டாயிற்று. இனி கணக்கு எதற்கு, தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் சரிதானே?

சொட்டுநீர் போட்ட தோட்டத்தில்தான் கணக்கு மிகவும் எளிது, பிழையும் மிகவும் மலிவாக நடக்கும். 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் இடைவெளியில் நட்டு நன்கு வளர்ந்த வாழைக்கு ஒரு மரத்தின் பங்கு 3.24 சதுர மீட்டர். தட்டில் 7 மி.மீ. குறையும் நாளில், வாழையின் குணகம் 1.1 எனக் கொண்டால், செலவு 5.4 மி.மீ.; மரத்துக்கு 17.5 லிட்டர். பத்து விழுக்காடு இழப்பைச் சேர்த்து 19.5 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் சொட்டும் இரண்டு சொட்டுவான்கள் இருந்தால் இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும். தட்டில் 4 மி.மீ. மட்டும் குறையும் நாளில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போதும். நட்டு ஒரு மாதமான கன்றுக்கு இதில் பாதிகூடத் தேவையில்லை.

சொட்டுவான் சொன்ன அளவு சொட்டுகிறதா என்பதையும் பாருங்கள். நான்கு லிட்டர் சொட்டுவானின் கீழே பாத்திரம் வைத்தால் கால் மணி நேரத்தில் ஒரு லிட்டர் சேர வேண்டும். வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் பார்த்து, கடைசியில் முக்கால் லிட்டர்தான் சேர்கிறது என்றால் உப்படைப்பைக் கழுவாமல் நேரத்தை மட்டும் கூட்டுவதில் பயனில்லை.

இடையில் மழை பெய்தால் எத்தனை மி.மீ. கழிக்க வேண்டும்?

மண்ணில் எவ்வளவு இடம் காலியாக இருந்ததோ அவ்வளவுதான். தண்ணீர் கட்டி நான்கு நாளான நிலக்கடலை வயலில் 22 மி.மீ. தீர்ந்திருக்கும். அன்று 50 மி.மீ. மழை பெய்தால் 22 மட்டுமே கணக்கில் சேரும். மீதி வழிந்தோ இறங்கியோ போகும். அன்றிலிருந்து கூட்டுத்தொகையைச் சுழியிலிருந்து தொடங்குங்கள். 10 மி.மீ. பெய்தால், தீர்ந்த 22-இலிருந்து பத்தையும் கழிக்கலாம். நேரான பக்கங்கள் கொண்ட தகர டப்பாவும் ஓர் அளவுகோலும் இருந்தால் மழையை அளந்துவிடலாம். தட்டிலும் மழை விழுந்திருக்கும் என்பதால் அன்றைய ஆவியாதலைக் கணக்கிடும்போது மழையின் உயரத்தைச் சேர்த்துப் பார்க்க மறக்கக்கூடாது.

நெல்லுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? அங்கே தண்ணீர் நின்றுகொண்டே இருக்கிறதே.

நெற்பயிர் குடிப்பது நடுப்பருவ நிலக்கடலையை விடச் சற்றே அதிகம், குணகம் 1.2 அளவில்தான். மீதிச் செலவெல்லாம் கீழே இறங்கும் நீர். அது எவ்வளவு என்பதை உங்கள் வயலிலேயே காணலாம்: அடிப்பாகம் உள்ள டிரம் ஒன்றையும் அடிப்பாகத்தை வெட்டி எடுத்த டிரம் ஒன்றையும் வயலில் புதைத்து, இரண்டிலும் நெல்லை நட்டு ஒரே உயரத்துக்கு நீர் நிறுத்துங்கள். முதலாவதில் குறைவது பயிரின் நீர்ச்செலவு. இரண்டாவதில் கூடுதலாகக் குறைவது மண்ணில் இறங்கியது.

அந்த இறக்கத்தைக் குறைப்பதற்காகவே காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது. துளையிட்ட 30 செ.மீ. நீளக் குழாயை வயலில் பாதி ஆழம் புதைத்து உள்மண்ணை எடுத்துவிட்டால், குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை காத்திருந்து மறுபடி கட்டலாம். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடக் கூடாது.

எங்கள் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. அளந்து குறைவாக விட்டால் உப்பு தங்கிவிடாதா?

தங்கும்; இந்த அச்சம் நியாயமானது. பயிர் நீரை மட்டும் குடித்து உப்பை வேரடியில் விட்டுவிடுவதால், உப்பை இறக்குவதற்கென்று கூடுதலாகக் கொஞ்சம் விட வேண்டும். நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமென்ஸ் என்றும், மண்ணில் 2.5 வரை தாங்கும் தக்காளி என்றும் கொண்டால், 1.5-ஐ (5 பெருக்கல் 2.5, கழித்தல் 1.5) ஆல் வகுக்க 0.14 வரும். விடும் நீரில் 14 விழுக்காடு கீழே இறங்க வேண்டும் என்பது இதன் பொருள். பாத்திப் பாசனத்தில் ஏற்கெனவே இதைவிட அதிகம் இறங்குகிறது என்பதால் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. சொட்டுநீரில்தான் சேர்க்க வேண்டும்.

செயற்கைக்கோளே பயிரின் நீர்ச்செலவைச் சொல்லிவிடுகிறதாமே?

சொல்கிறது. நன்றாக நீர் குடிக்கும் பயிரின் இலை குளிர்ந்திருக்கும் என்பதால், மேலிருந்து எடுத்த வெப்பப் படத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். லேண்ட்சாட் 8, 9 ஆகிய இரண்டு செயற்கைக்கோள்களும் சேர்ந்து ஓரிடத்தை எட்டு நாளுக்கு ஒரு முறை பார்க்கின்றன. மேகம் இருந்தால் அதுவும் இல்லை. அவற்றின் வெப்பப் படத்தின் ஒரு புள்ளி 100 மீட்டர். நம் ஒரு ஏக்கரின் பக்கமோ சுமார் 64 மீட்டர். உங்கள் நிலக்கடலையும் பக்கத்துத் தரிசும் ஒரே புள்ளியில் கலந்துவிடும். ஓர் ஆயக்கட்டு முழுவதற்கும் இது அருமையான கருவி. உங்கள் பாத்திக்கு இன்னும் தட்டும் மண்ணுமே நெருக்கமானவை.

இவ்வளவும் செய்து மிச்சம் பிடித்தால் கிணறு ஊறுமா?

இதற்கு ஆம் என்று ஒரே சொல்லில் விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலக்கடலைக் கணக்கில் 57 மி.மீ. இறைத்தோம்; பயிருக்குச் சேர்ந்தது 34. மீதி 23-இல் ஒரு பகுதி வாய்க்காலில் ஆவியாகியது, இன்னொரு பகுதி பாறை வெடிப்புகள் வழியே உங்கள் கிணற்றுக்கோ பக்கத்துக் கிணற்றுக்கோ திரும்பியது. அந்த 23-ஐக் குறைத்தால் மின்சாரமும் உரமும் நேரமும் உறுதியாக மிச்சம். ஆனால் திரும்பி வரவிருந்த நீரை மிச்சமென்று எழுதிக்கொள்ள முடியாது. உண்மையான மிச்சம் ஆவியாகிப் போவதைக் குறைப்பதில் இருக்கிறது: மூடாக்கு, பயிரடியை மட்டும் நனைக்கும் சொட்டுநீர், கோடையில் பரப்பைச் சுருக்குவது.

இதில் எனக்குள்ள கவலையையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமான நீரைக் கொண்டு தரிசாகக் கிடந்த பக்கத்து ஏக்கரில் வாழை வைத்தால், கிணற்றிலிருந்து இறைப்பது பழைய அளவே இருக்க, முன்பு திரும்பி வந்த பங்கும் இப்போது ஆவியாகிப் போய்விடும். கிணறு முன்னைவிட வேகமாக இறங்கும். ஆகவே குறிப்பேட்டில் தட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ஒவ்வொரு அமாவாசையன்றும் காலையில் மோட்டார் போடுவதற்கு முன் கிணற்றில் கயிறு விட்டு, கிணற்றுச் சுவரின் மேல்விளிம்பிலிருந்து நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எழுதி வாருங்கள். இரண்டு மழைக்காலங்களின் எண்கள் அருகருகே வந்தபின், அந்தப் பக்கத்து ஏக்கரில் என்ன வைக்கலாம் என்று பேசலாம்.